பொம்மை ஊசியும் பச்சை குத்தும் விளையாட்டும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகும் சாலையில், பரதராமிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் பிறந்த ஊர் சித்தூர். மகளுக்கு நாலரை வயது. மகனுக்கு ஒரு வயது ஆகப் போகிறது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கடையில் என் தம்பி அவளுக்கு ஒரு ‘டாட்டூ செட்’ வாங்கிக் கொடுத்தான். பேனா மாதிரி ஒரு மெஷின், பேட்டரியில் விர்ரென்று அதிர்கிறது. கூடவே மைப் பேனாக்கள், அச்சுத் தகடுகள், ஒட்டுகிற ஸ்டிக்கர்கள். நாள் முழுவதும் வீட்டில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்துப் பச்சை குத்துகிறாள். தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் காலிலும் ஒருநாள் வரைந்துவிட்டாள். ராணுவத்தில் இருக்கும் என் கணவர் வீடியோ காலில் இதைப் பார்த்துவிட்டு, “இந்த வயதிலேயே இந்தப் பழக்கமா, தூக்கிப் போடு” என்று கோபப்படுகிறார். மாமியாரோ தம் கையிலுள்ள பச்சைக் கோலத்தைக் காட்டிச் சிரிக்கிறார். மகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய மணிக்கட்டில் மூன்றாம் நாள் கொஞ்சம் சிவந்து அரிக்கிறது. அடுத்த மாதம் சித்தூரில் ஓர் உறவினர் கல்யாணம். அங்கே பிள்ளைகளுக்கெல்லாம் கருப்பு மெஹந்தி வைக்க ஆள் பேசியிருக்கிறார்களாம். இந்த விளையாட்டை விடலாமா, கூடாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

விளையாட்டை விடலாம். ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் மகள் கையில் விட்டுவைக்கக் கூடாது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அந்தக் கருப்பு மெஹந்தி, அதை மட்டும் யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் குழந்தைகளின் தோலில் படவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் வாக்குவாதம் விளையாட்டைப் பற்றியதாக இருக்கிறது. எனக்கோ விளையாட்டைப் பற்றிக் கவலையே இல்லை, தோலில் படும் பொருளைப் பற்றியும் வாய்க்குள் போகக்கூடிய பொருளைப் பற்றியும்தான் கவலை.

முதலில் உங்கள் கணவரின் அச்சத்துக்கு வருகிறேன். அவர் தொலைவில் இருந்துகொண்டு சின்னத் திரையில் பார்க்கிறார். மகளின் கையில் ஊசி போன்ற ஒன்று, அது அதிர்கிறது, மேலே கருநீலமாக ஏதோ படம் விழுகிறது என்றால் ஒரு தகப்பனுக்குக் கோபம் வருவது இயல்பு. தவிர, ராணுவ ஆள்சேர்ப்பில் நிரந்தரப் பச்சைக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதும், முன்கையின் உட்புறம், புறங்கை போன்ற ஓரிரு இடங்களில்தான் அதை ஏற்கிறார்கள் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஊசியால் குத்தி, மேல்தோலுக்கு அடியிலுள்ள உள்தோலில் மையை இறக்கிய பச்சைக்கு. உங்கள் மகள் வரைவது குளித்தால் போய்விடும்.

நாலரை வயதில் குழந்தை எதைக் கண்டாலும் அதுவாகவே ஆகிப் பார்க்கும். சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்தபோது, ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரையிலான பருவத்தின் தனி அடையாளமாக இந்தப் பாவனை விளையாட்டைத்தான் சொன்னார். ஒரு பொருளை இன்னொன்றாக வைத்துப் பழகுவதில்தான் மொழியும் கற்பனையும் வளர்கின்றன. கொட்டாங்குச்சியில் மண்ணைப் போட்டுச் சோறாக்கும் பிள்ளை பிற்காலத்தில் சமையல்காரியாகத்தான் ஆவாள் என்று நாம் நினைப்பதில்லை. விசில் ஊதிக் கண்டக்டர் வேலை பார்ப்பதும், கரியால் மீசை வரைந்துகொண்டு தாத்தாவாவதும், பேனாவால் மணிக்கட்டில் கடிகாரம் வரைவதும் நாம் எல்லாரும் செய்தவைதாம். ஜவ்வு மிட்டாய்க்காரர் கழியின் உச்சியில் பொம்மை கை தட்ட, மிட்டாயை இழுத்து நம் கையில் வாட்ச் கட்டிவிடுவாரே, அதை நக்கித் தின்ன மனம் வராமல் வீடு வரை கையை நீட்டியபடியே நடந்த நினைவு எனக்கு இன்னும் இருக்கிறது. உடம்பின் மேல் ஒரு படம் வந்து உட்காருவதில் குழந்தைக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாவனை விளையாட்டு எதுவாக இருந்தாலும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். சிகரெட் மிட்டாயை வாயில் வைத்துப் புகை விடுவதுபோல் நடிக்கும் பிள்ளையிடம் அந்த மிட்டாய் வேண்டாம் என்று சொல்வேன். பெரியவர்கள் கையில் அது உயிரைக் குடிக்கும் பொருள், அதன் மீது ஆசையைச் சின்ன வயதில் வளர்ப்பானேன்? பச்சை குத்திக்கொள்வது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. வயது வந்த ஒருவர், சுத்தமான புது ஊசியால், யோசித்து எடுக்கும் முடிவு அது. பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், ஆனால் தன்னளவில் குற்றமோ நோயோ அல்ல. 2009-இல் மேட்டல் நிறுவனம் உடம்பில் ஒட்டும் பச்சைப் படங்களோடு ஒரு பார்பி பொம்மையைக் கொண்டு வந்தபோது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெற்றோர் பலர் உங்கள் கணவரைப் போலவே கொதித்தார்கள். அங்கே பச்சை என்றால் மாலுமிகளும் முரடர்களும் குத்திக்கொள்வது என்ற பழைய எண்ணம் ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கதை வேறு.

உங்கள் மாமியாரின் கையைத்தான் சொல்கிறேன். என்னிடம் பேரப் பிள்ளைகளைத் தூக்கி வரும் மூதாட்டிகள், எல்லைக்கு இந்தப் பக்கம் குடியாத்தத்திலிருந்து வந்தாலும் அந்தப் பக்கம் பலமனேரிலிருந்து வந்தாலும், குழந்தையைப் பரிசோதனை மேசையில் படுக்க வைக்கும்போது முன்கை என் கண்ணுக்கு நேராக வரும். புள்ளிக் கோலம், தேள், சில சமயம் தம்பியின் பெயர். வயதால் தோல் சுருங்கிப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து, கருமை பச்சையாக மங்கியிருக்கும். தமிழில் பச்சை என்கிறோம். உங்கள் பிறந்த வீட்டுப் பக்கம் தெலுங்கில் பச்சபொட்டு என்பார்கள். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து எடுத்த கரியே அந்த மை. குத்தும்போது வலி தெரியாமலிருக்கக் குறத்தி பாட்டுப் பாடுவாள். மாமியாரிடம் அவர் எந்த வயதில் குத்திக்கொண்டார், அழுதாரா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கதையிலிருந்தே ‘நிஜமானது வலிக்கும், போகாது; நான் வரைவது வலிக்காது, போய்விடும்’ என்ற வேறுபாடு அவளுக்குப் புரிந்துவிடும். ஒரே ஊசியால் ஊருக்கெல்லாம் குத்திய அந்தக் காலத்து முறையை நான் புகழவில்லை. ஹெபடைடிஸ் பி, சி போன்ற கிருமிகள் அப்படிப் பரவக்கூடும். ஆனால் அந்தக் கை வீட்டில் இருக்கும்போது, பச்சை என்பதே கெட்ட பழக்கம் என்று குழந்தையிடம் சொன்னால், பாட்டியைப் பற்றி அவள் என்ன நினைப்பாள்?

நீங்கள் சித்தூர்ப் பெண். திருப்பதி கங்கம்மா ஜாத்திரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாள் உடம்பெங்கும் வெள்ளை பூசி பைராகி வேஷம், இன்னொரு நாள் குங்குமம் பூசி பண்ட வேஷம், மற்றொரு நாள் கரி பூசித் தோட்டி வேஷம் என்று பெரியவர்களோடு சின்னப் பிள்ளைகளும் வேஷம் கட்டுகிற மண் இது. உடம்பில் எழுதுவது இந்த வட்டாரத்துக்கு எங்கிருந்தோ வந்து இறங்கிய வழக்கம் அல்ல.

இனி, பெட்டியைத் திறப்போம்.

உங்கள் வீட்டில் மிகவும் ஆபத்தானது அந்த அதிரும் மெஷினின் உள்ளே இருக்கிறது. இத்தகைய மலிவு விலை மெஷின்களில் பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரிகளே இருக்கும்; பட்டன் செல் என்கிறோம். உங்கள் மகனுக்கு ஒரு வயது ஆகப் போகிறது, அதாவது தரையில் கிடக்கும் எதையும் எடுத்து வாயில் போடும் வயது. அப்படி ஒரு பேட்டரி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தின் வழியாக மின்சாரம் பாய்ந்து, பேட்டரியை ஒட்டிய இடத்தில் காஸ்டிக் சோடா போன்ற கடுமையான காரப்பொருள் உண்டாகி, சதையை அரிக்கத் தொடங்கும். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண்ணாகிவிடலாம். குழந்தை விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எச்சில் வழியும், இருமும், சாப்பிட மறுக்கும், சளி என்று நினைத்து மறுநாள் கூட்டி வருவார்கள். ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த மெஷினை எடுத்துப் பாருங்கள். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது நகத்தால் நெம்பினால் திறந்துகொள்கிறதா? திறந்துகொண்டால் பேட்டரிகளைக் கழற்றி, டேப் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் போட்டுவிடுங்கள். மெஷின் அதிராவிட்டால் என்ன, உங்கள் மகள் வாயாலேயே ‘விர்’ என்று சொல்லிக்கொள்வாள். பாவனைக்கு அதுவே இன்னும் நல்லது. எப்போதாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி எடுக்க வைக்காமல், சோறோ வாழைப்பழமோ கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காமல், உடனே 108-ஐ அழைத்து, எண்டோஸ்கோபி வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்; வேலூரா சித்தூரா என்று யோசிக்காமல் எது பக்கமோ அங்கே. இரண்டு மாநிலங்களிலும் எண் அதேதான்.

பெட்டியின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அந்த முத்திரை கட்டாயம். பேட்டரியில் இயங்குபவற்றுக்கு முத்திரையின் மேலே ஐ.எஸ். 15644 என்ற எண் இருக்கும். இந்தத் தரக்கட்டுப்பாட்டில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் பொம்மையிலிருந்து எவ்வளவு வெளியேறலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. திருவிழாக் கடையில் வாங்கிய பெட்டியில் அது இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் தம்பியைக் குறை சொல்லாதீர்கள், அக்கா மகளின் ஆசைக்கு வாங்கினார். முத்திரை இல்லையென்றால் அந்தப் பேனாக்களின் மையை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே விற்கும், தண்ணீரில் கழுவினால் போகும் ஸ்கெட்ச் பேனாக்களை வாங்கிக் கொடுங்கள். பெட்டிகளில் முகவரி எழுதும் பெர்மனென்ட் மார்க்கர் கூடாது. அச்சுத் தகடுகளில் தவறில்லை, வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்டிக்கரைப் பொறுத்தவரை, ஈரத் துணியால் அழுத்தினால் தோலில் இறங்கும் வகை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாது. பபுள்கம்மோடு வந்த படத்தை நாங்கள் எச்சில் தொட்டுத்தான் ஒட்டினோம். அது வேண்டாம், தண்ணீர் போதும், நக்கக் கூடாது. கண்ணைச் சுற்றி, உதட்டில், சிராய்ப்பு உள்ள இடத்தில், கரப்பான் வந்த தோலில் ஒட்டக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே இதெல்லாம் தேவையே இல்லை.

மகளின் மணிக்கட்டுச் சிவப்பு, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பசையால் வந்த எரிச்சலாக இருக்கலாம். அதை நாரால் தேய்த்து எடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் துடைத்தால் மிச்சப் பசையும் வந்துவிடும்; பிறகு சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். அரிப்புக்குக் கேலமைன் லோஷன் தடவலாம். நகத்தை வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் மங்கவில்லை என்றாலோ, கொப்புளம், நீர்க்கசிவு, வீக்கம் என்று ஏதாவது தெரிந்தாலோ ஸ்டிக்கர் உறையையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்கவே கூடாது.

தூங்கும் தம்பியின் காலில் வரைந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டினீர்களா என்று தெரியவில்லை. திட்ட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். “கேட்டுவிட்டுத்தான் வரைய வேண்டும், தூங்குபவரைக் கேட்க முடியாது, தம்பிக்குப் பேச வராது, அதனால் தம்பி வேண்டாம்” என்று ஒரே ஒரு விதியைச் சொல்லுங்கள். பாட்டியிடம் கையை நீட்டச் சொல்லி, “வரையட்டுமா?” என்று கேட்டு, பாட்டி “இப்போது வேண்டாம், மாவு பிசைகிறேன்” என்றால் எழுந்து போகப் பழகட்டும். அதே விதி அவளுக்கும் பொருந்த வேண்டும். எந்த மாமாவோ கடைக்காரரோ அவள் கையைப் பிடித்து இழுத்துப் படம் ஒட்ட வந்தால், வேண்டாம் என்று அவள் சொல்வதை வீட்டுப் பெரியவர்கள் மதிக்க வேண்டும். “மாமாதானே, காட்டு” என்று நாம் வற்புறுத்தக் கூடாது. உள்ளாடை மறைக்கும் இடத்தில் யாரும் வரையவோ ஒட்டவோ கூடாது என்பதையும் இந்த விளையாட்டின்போதே சொல்லிவிடலாம். தனியாக உட்கார வைத்துச் சொன்னால் மிரளும் பிள்ளை, விளையாட்டின் நடுவே சொன்னால் எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை என்னிடம் கொண்டு வந்தார்கள். புறங்கையில் ஒரு பூவும், அதிலிருந்து நடுவிரல் வரை ஓடிய கொடியும். வரைந்த கருமை மங்கிவிட்டிருந்தது. ஆனால் அந்தப் பூவும் கொடியும் அப்படியே, இதழ் இதழாக, நீர்க் கொப்புளமாக எழும்பியிருந்தன. கோடு போட்ட இடத்தில் மட்டும் கொப்புளம், கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளிகூட இல்லை. குழந்தை கையை உடம்பிலிருந்து விலக்கி, ஏதோ உடைந்த பொருளைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். புண் ஆறியது, பூவின் வடிவம் வெளிறிய தழும்பாக மாதக்கணக்கில் தெரிந்தது.

மருதாணி இலையில் கருப்பு கிடையாது. இலையை அரைத்து வைத்தால் முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாக ஆழும்; சில மணி நேரமாவது கையில் இருந்தால்தான் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கிறது என்றால் அதில் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள், பெரும்பாலும் தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற பாரா ஃபெனிலின் டையமின். தலைமுடிச் சாயத்தில் அதற்கு அளவு வரம்பு உண்டு, சாயம் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் எச்சரிக்கையும் உண்டு. கூம்பில் அடைத்துத் தருபவர் எவ்வளவு கலந்தார் என்று யாருக்கும் தெரியாது. அதை நேராகத் தோலில் பூசி மணிக்கணக்கில் வைத்திருக்கிறோம். முதல் தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம், அல்லது ஒரு வாரம், பத்து நாள் கழித்து வெடிக்கலாம். ஆகவே சிறு இடத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது இங்கே பாதுகாப்பாகாது.

கொப்புளத்தோடு முடிந்துபோவதில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. உடம்பு அந்த வேதிப்பொருளை ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால் ஆயுள் முழுவதும் மறக்காது. நாற்பது வயதில் முதல் நரைக்குச் சாயம் பூசும் நாளில் முகமெல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல் போகலாம். வேதியியல் அமைப்பில் அதை ஒத்திருக்கும் சில துணிச் சாயங்களும், மரத்துப்போகச் செய்யும் சில மருந்துகளும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆறு வயதில் ஒரு மாலை நேரத்து அழகுக்காக இத்தனையையும் ஒரு குழந்தையின் தலையில் கட்டுவது நியாயமா?

ஆகவே உங்கள் மாமியாரிடம் ஒப்படையுங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகலில் மருதாணி இலையை உருவி, எலுமிச்சைச் சாறு விட்டு அம்மியில் அரைத்து, விரல் நுனியில் தொப்பியும் உள்ளங்கையில் ஒரு வட்டமும் வைத்தால் மகளுக்குப் போதும். கைக்குழந்தைக்கு மட்டும் இயற்கை மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மருதாணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும், உங்கள் மகனுக்கு அந்தக் குறை உண்டா என்று யாரும் இதுவரை பார்த்திருக்க வாய்ப்பில்லை. மெஹந்தி வைப்பவரை ஏற்பாடு செய்த உறவினருக்கு இப்போதே போன் செய்து, பிள்ளைகளுக்குக் கருப்புக் கூம்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் பந்தலில் நின்றுகொண்டு சொன்னால் மனத்தாங்கலாகிவிடும். அதையும் மீறி உங்கள் கண்ணில் படாமல் யாராவது வைத்துவிட்டால், காயும் வரை பொறுக்காமல் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அடுத்த இரண்டு வாரம் அந்தக் கையைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள்.